காது கொடுக்கும் நேரம்

பேசக் கூடாத நேரம் தொடங்கியதும் கோமதிநாயகத்துக்குத் தொண்டையில் கரகரப்பு வந்துவிட்டது. எப்போதும் அப்படித்தான். பத்து நிமிடம் வாயை மூடிக்கொண்டு, அசையாமல் ஓரிடத்தில் நின்று, காதில் விழுகிற பறவைகளை எண்ணுவது அவருடைய உத்தியோகம். அந்த உத்தியோகத்துக்குச் சற்றும் ஒவ்வாத தொண்டையை யாரோ அவருக்குக் கொடுத்திருந்தார்கள். எச்சிலை விழுங்கினார். விழுங்கிய சத்தம் ஆனைச்சுனைப் பள்ளத்தாக்கு முழுவதும் கேட்டிருக்கும் என்று தோன்றியது. முதுகுக்குப் பின்னால், ஒரு கை தூரத்தில், எதிர்ப்பக்கம் பார்த்தபடி ஜெசிந்தா நின்றாள். கூட்டுக் கணக்கெடுப்பில் இதுதான் முறை: முதுகோடு முதுகு, ஆளுக்கு அரைவட்டம், அடுத்தவர் பக்கம் திரும்பக் கூடாது. அவள் மின்திட்டக் கம்பெனி அனுப்பிய பறவை நிபுணர், அவர் பல்லுயிர்க் கண்காணிப்புத் திட்டத்தின் கள அலுவலர். இரண்டு கட்சியும் ஒரே காட்டுக்குக் காது கொடுத்துவிட்டுக் கடைசியில் கேட்டதை ஒப்பிட்டுக்கொள்ள வேண்டும். நிற்பதற்கு முன் அவள், "அட்டைக்கு உப்பு வேணுமா சார்?" என்று கேட்டாள். "வேண்டாம் மேடம், என் ரத்தம் அதுகளுக்கே அலுத்துப்போச்சு" என்றார் அவர். அவள் சிரித்தாள். அதோடு பேச்சு நின்றது. இப்போது ஓர் அட்டை, அலுப்பு எதுவும் இல்லாமல், அவருடைய இடது காலுறையின் விளிம்பைத் தாண்டி மேலே போய்க்கொண்டிருந்தது. குனியக் கூடாது. குனிந்தால் இலை சரசரக்கும். போகட்டும்.

கேட்க வேண்டியது ஒன்றே ஒன்றுதான். செந்தாடிச் சிலம்பன். அந்தப் பெயரைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் நகர்வது கோமதிநாயகத்தின் மனத்துக்கு ஆகாத காரியம். அதற்குத் தாடி கிடையாது. தொண்டையில் இருக்கிற நாலு இறகும் சிவப்பு கிடையாது, செங்கல்தூள் நிறம். சிலம்பன் என்பது மலையில் இருப்பவன் என்பதாலா, ஓயாமல் ஒலிப்பவன் என்பதாலா என்று அவர் ஒரு கருத்தரங்கில் எழுந்து கேட்டு, ஐம்பது பேருடைய மதியச் சாப்பாட்டைத் தள்ளிப்போட்ட பாவத்தைச் சம்பாதித்திருக்கிறார். குரல் மூன்று சீழ்க்கை. முதல் இரண்டும் ஒரே உயரத்தில் நிற்கும். மூன்றாவது, படியில் கால் தவறியது போலச் சரிந்து இறங்கும். இந்த மலைத்தொடரிலேயே இந்தப் பள்ளத்தாக்கில் மட்டும்தான் அது மிச்சம் என்று கோப்பு சொல்கிறது. கோப்பு சொல்வது கோமதிநாயகம் சொன்னதைத்தான். மேலே ஓர் அணை, கீழே ஓர் அணை என்று கம்பெனி வரைபடம் வைத்திருக்கிறது. வெயில் நேரத்துச் சூரிய மின்சாரத்தால் தண்ணீரை மேலே ஏற்றி, ஊர் விளக்குப் போடும் நேரத்தில் கீழே விட்டு மறுபடி மின்சாரம் எடுப்பார்கள். பசுமை மின்சாரம். அதற்கு இந்தப் பச்சை மூழ்க வேண்டும். கீழ் அணை நிரம்பினால் அவர் நிற்கிற பாறைக்கு மேல் மூன்று தென்னை உயரத்துக்குத் தண்ணீர் நிற்கும். அவ்வளவு தண்ணீரையும் இதுவரை தடுத்து நிறுத்தியிருப்பது ஒரு வாழைப்பழ எடைகூட இல்லாத ஒரு குருவி. இன்றைக்கு அது கூப்பிட்டால் பள்ளத்தாக்கு பிழைத்தது. கூப்பிடாவிட்டால், அவரே தம் கையால் 'இல்லை' என்று எழுதிக் கொடுத்துவிட்டு இறங்க வேண்டும்.

கூப்பிடும். ஏன் கூப்பிடாது. போன மழைக்காலத்தில் கூப்பிட்டது, அதற்கு முந்தியதிலும் கூப்பிட்டது, கண்ணில் படவில்லை என்பது உண்மைதான், ஆனால் குரல் போதும் என்று விதி இருக்கிறது. குக்குறுவான் ஒன்று தொலைவில் குடத்துக்குள் தலையை விட்டுக்கொண்டது போல் குட்ரூ குட்ரூ என்று ஆரம்பித்தது. எழுதினார். செம்மீசைச் சின்னான், எழுதினார். ஓடைப் பக்கம் சீகாரப் பூங்குருவி, வேலை வெட்டி இல்லாதவன் தெருவில் சீட்டியடித்துக்கொண்டு போவது போல. எழுதினார். பூங்கொத்தி? அது இருக்க வேண்டும். மேலே கிளையில் புல்லுருவி பழுத்துக் கிடக்கிறது, அது இல்லாமல் இராது. ஊசியால் கண்ணாடியைக் கீறியது போல டிக் டிக் என்று ஒரு சத்தம் இந்த இடத்தில் எப்போதும் உண்டு. உண்டு என்று அவருக்குத் தெரியும். கேட்கவில்லை. அவள் பென்சில் நகர்கிற சத்தம் கேட்கிறது, அவள் இப்போது எதையோ எழுதுகிறாள், பூங்கொத்தியைத்தான் எழுதுகிறாள். தென்காசியில் அந்தக் காது டாக்டர் கண்ணாடிக் கூண்டுக்குள் உட்காரவைத்துத் தலையில் ஒன்றை மாட்டி, சத்தம் கேட்டால் கையைத் தூக்குங்கள் என்றார். கோமதிநாயகம் கேட்டபோதெல்லாம் தூக்கினார். கேட்காதபோது, கண்ணாடிக்கு அப்பால் பொத்தானை அமுக்குகிற பெண்ணின் தோள் அசைவதைப் பார்த்துத் தூக்கினார். பரீட்சையில் எட்டிப் பார்த்து எழுதுவது அவருக்குப் பள்ளிக்கூடத்திலேயே வராத கலை. ஐம்பது தாண்டி வந்தது. டாக்டர் தாளைப் பார்த்துவிட்டு, உங்கள் வயதுக்கு ஆச்சரியமான காது என்றார். ஆச்சரியமான காதோடு வெளியே வந்து ஆட்டோக்காரர் என்ன கேட்டார் என்று புரியாமல் இரண்டு முறை 'ஆமா' என்றார்.

உலகம்மாளுக்குத் தெரிந்திருக்குமோ. தெரியாது. பெண்டாட்டிக்கு எல்லாம் தெரியும் என்பது உலகத்தில் நிலவும் தவறான தகவல்களில் ஒன்று. "ஏங்க, காட்டுல எங்கயோ ஒரு குருவி தும்முனா ஒங்களுக்குக் கேக்கும். அடுப்படியில நின்னு நான் தொண்ட கிழியக் கத்துதது மட்டும் கேக்காது, அப்படித்தான?" என்று போன வாரம் தட்டை வைத்தாள், வைத்தாள் என்பதைவிடப் போட்டாள். குக்கர் சத்தத்தில் அவள் வாய் அசைந்தது மட்டும் தெரிந்தது. முகத்தை வைத்து இதுவாகத்தான் இருக்கும் என்று அவர் ஊகித்ததும் அது சரியாக இருந்ததும் இருபத்தேழு வருஷப் பழக்கம். "குருவி அநாவசியமா பேசாது" என்றார். அவள் முகம் போன போக்கு. அன்றைக்கு முழுவதும் பேசவில்லை. பேசியிருந்தாலும் பாதிதான் விழுந்திருக்கும். சொல்லியிருக்கலாம். உலகம்மா, நீ பேசுவது பஞ்சு மூட்டைக்குள்ளிருந்து வருகிறது என்று ஒரு வாக்கியம். சொன்னால் அவள் அண்ணனிடம் சொல்வாள், அண்ணன் ஊரிடம் சொல்வான், ஊர் அலுவலகத்திடம் சொல்லும். அலட்சியக்காரன் என்றால் புருஷனாகத் தொடரலாம். செவிடன் என்றால் கள அலுவலராகத் தொடர முடியாது. மனிதன் எதைத் தேர்ந்தெடுப்பான். அட்டை முழங்காலுக்குக் கீழே நின்று யோசித்தது. அதற்காவது யோசிக்க இடம் கிடைத்திருக்கிறது.

காத்திருக்கிறபோது காட்டில் காலம் ஊறிப்போன அரிசி போல உப்பிக்கொள்ளும். இதே பாறைதான். நாலைந்து மழைக்காலத்துக்கு முன்பு இதே பாறையில், தனியாக, சோப்புப் பெட்டி அளவு ஸ்பீக்கரைக் கிளை இடுக்கில் வைத்துவிட்டு அவர் உட்கார்ந்திருந்தார். சென்னையிலிருந்து ஒருங்கிணைப்பாளர் போனில், "கேட்டேன் கேட்டேன்னு எழுதி அனுப்புறீங்க கோமதி. 'காட்டு'ன்னு கேக்குறாங்க. உங்க காதைக் கழட்டியா ஃபைல்ல குத்த முடியும்? ஒரு போட்டோ குடுங்க" என்றார். அந்தப் பறவையோ புதருக்குள் கள்ளச்சாவி போல ஒளிந்துகொள்கிற ஜாதி. குரலைப் பதிவுசெய்து அதையே அதற்குப் போட்டுக் காட்டினால்தான் வெளியே வரும்: தன் எல்லைக்குள் வேறோர் ஆண் புகுந்துவிட்டான் என்று நினைத்துச் சண்டைக்கு வரும். அதிகம் போடக் கூடாது, கூடு கட்டும் பருவத்தில் போடவே கூடாது என்று அவரே பயிற்சி வகுப்புகளில் சொல்லிக்கொடுத்திருக்கிறார், கரும்பலகையில் அடிக்கோடிட்டு. அது கூடு கட்டும் பருவம். போட்டார். வந்தது. என்ன வரவு! உடம்பெல்லாம் சிலிர்த்துக்கொண்டு, செங்கல்தூள் தொண்டை அடித்துக்கொள்ள, ஸ்பீக்கருக்கு முன்னால் தாவித் தாவி மூன்று சீழ்க்கை, மூன்று சீழ்க்கை. பெட்டி பதில் சொன்னது. அதுவும் பதில் சொன்னது. படம் மங்கலாக விழுந்தது. மறுநாளும் போட்டார். அதற்கு மறுநாளும் போட்டார். வாரக்கணக்கில், வெளிச்சம் சரியில்லை, கிளை மறைக்கிறது, கண் மூடியிருக்கிறது என்று காரணம் சொல்லிச் சொல்லிப் போட்டார். பேட்டரி இறங்கிப்போய் ஒவ்வொரு மூன்றாம் சீழ்க்கைக்குப் பிறகும் பெட்டி 'பீப்' என்று முனகும். முனகட்டும், இன்னும் ஒரே ஒரு தடவை. கடைசியில் கிடைத்த படம் ஒரு பத்திரிகையின் அட்டைப்படமாக வந்தது. அதைக் காட்டித்தான் அப்போது திட்டத்தை நிறுத்தினார்கள். அவரை மேடையில் ஏற்றிச் சால்வை போர்த்தினார்கள். உலகம்மாள் அந்தச் சால்வையை மாவு மிஷினுக்குப் போகும்போது தலையில் போட்டுக்கொள்கிறாள்.

மூன்று சீழ்க்கை.

உடம்பு முழுவதும் காதானது. முதல் இரண்டு, ஒரே உயரம். மூன்றாவது சரிந்து இறங்கியது. மேட்டுப் பக்கம், வலது கை ஓரம், உயரத்திலிருந்து. இருக்கிறது! சொன்னேனா இல்லையா, இருக்கிறது! முதுகுக்குப் பின்னால் ஜெசிந்தா மூச்சைச் சட்டென்று உள்ளே இழுத்தது கேட்டது. அவளுக்கும் கேட்டுவிட்டது, கம்பெனியின் காதுக்கே கேட்டுவிட்டது, இனி எந்த வக்கீல் வந்து என்ன செய்ய முடியும். மூன்று தென்னை உயரத் தண்ணீர் வந்த வழியே திரும்பிப் போயிற்று. கோமதிநாயகத்தின் கண்ணில் நீர் கட்டியது, அவர் அதற்கு மூடுபனியைப் பொறுப்பாக்கினார். பிறகு ஏதோ இடறியது. உயரத்திலிருந்து. சிலம்பன் ஏன் உயரத்திலிருந்து கூப்பிடுகிறது. அது புதரில் கிடக்கிற பறவை, முழங்கால் உயரத்துக்கு மேல் போனால் அதற்குத் தலைசுற்றும் என்று அவரே வேடிக்கையாக எழுதியிருக்கிறார். இடறியது அது மட்டும் அல்ல. மூன்றாவது சீழ்க்கைக்குப் பிறகு என்னவோ இருந்தது. இல்லை, அது காதுக்குள் இருப்பது, இரவெல்லாம் ஒலிக்கிற அந்தப் பழைய ரீங்காரம், அந்தக் கண்ணாடிக் கூண்டின் மிச்சம். இன்னொரு தடவை கூப்பிடு. கூப்பிடாதே. கண்ணை மட்டும், தலையைத் திருப்பாமல், மேட்டுப் பக்கம் உயர்த்தினார். பட்ட கிளை ஒன்றில், மறைவே இல்லாமல், கரேலென்று உட்கார்ந்திருந்தது. வாலிலிருந்து இரண்டு கம்பிகள் நீண்டு தொங்கின. கம்பி நுனியில் துடுப்பு போல் ஆளுக்கோர் இறகு. துடுப்புவால் கரிச்சான். காட்டில் கேட்கிற குரலையெல்லாம் எடுத்துப் பேசுகிற பல குரல் மன்னன். பருந்து போலக் கத்தும், அணில் போலக் கத்தும். அது அலகைத் திறந்தது. மூன்று சீழ்க்கை. முதல் இரண்டு ஒரே உயரம், மூன்றாவது சரிவு. அலகு மூடவில்லை. இன்னும் கொஞ்சம் திறந்து, தலையைச் சாய்த்து, மிகுந்த கவனத்தோடு, 'பீப்' என்றது.

எந்தச் சிலம்பனுக்கும் பேட்டரி இறங்காது. ஒரு பறவையிடமிருந்து கற்ற குரல் இல்லை இது. கிளை இடுக்கில் இருந்த பெட்டியிடமிருந்து, வாரக்கணக்கில், காலையும் மாலையும், நல்ல வாத்தியாரிடம் கற்பது போலக் கற்றது. அப்படியானால் போன மழைக்காலத்தில் கேட்டது? அதற்கு முந்தியது? அப்போதெல்லாம் பீப் இருந்ததா, இருந்தும் அவருக்குக் கேட்கவில்லையா, தூரத்தில் இருந்ததா, கேட்டும் தம் காது என்று நினைத்துக்கொண்டாரா. எப்போதிலிருந்து. எப்போதிலிருந்து இந்தப் பள்ளத்தாக்கில் சிலம்பன் இல்லை. அது எங்கே போயிற்று என்று கேட்கிற தைரியம்கூட மனத்துக்கு மெதுவாகத்தான் வந்தது. தன் எல்லைக்குள் தோற்கடிக்கவே முடியாத ஓர் எதிரி வந்துவிட்டான், அவன் சாப்பிடுவதில்லை, தூங்குவதில்லை, அடித்தால் வலிப்பதில்லை, எத்தனை தடவை பாடினாலும் அதே குரலில் திருப்பிப் பாடுகிறான். என்ன செய்யும். பெட்டையும் முட்டையும் கிடக்க, பாடிப் பாடி, கடைசியில் இடத்தை விட்டுக்கொடுத்துவிட்டுப் போய்விடும். போவதற்கு வேறு பள்ளத்தாக்கு இல்லை என்று கோப்பு சொல்கிறது. அணை கட்டுகிறவர்கள் இன்னும் ஒரு செங்கல்கூட வைக்கவில்லை. அதற்குள் சோப்புப் பெட்டியோடு ஒருவர் வந்து வேலையை முடித்துக் கொடுத்துவிட்டுச் சால்வையும் வாங்கிக்கொண்டு போய்விட்டார். அட்டை கடித்த இடத்தில் ரத்தம் வழிவது வெதுவெதுப்பாகத் தெரிந்தது. கால் இருந்தது. மற்றதெல்லாம் எங்கோ போய்விட்டது.

சொல்லாமல் இருந்தால்? யாருக்குத் தெரியும். அவள் எதிர்ப்பக்கம் பார்த்து நிற்கிறாள், கரிச்சானைப் பார்க்கவில்லை. அந்தப் பீப் அவளுக்குக் கேட்டிருந்தாலும் ஏதோ பூச்சி. விதி என்ன கேட்கிறது? குரல் கேட்டதா என்று கேட்கிறது. கேட்டது. யாருடைய தொண்டையிலிருந்து என்று விதி கேட்கவில்லை. விதி எழுதியவர் கோமதிநாயகம் அளவுக்குக் குதர்க்கம் படித்தவர் இல்லை. தவிர, கரிச்சான் இந்தக் காட்டுப் பிரஜை இல்லையா. பள்ளத்தாக்கில் இருப்பது சிலம்பன் ஒன்று மட்டும்தானா, இந்தப் பூங்குருவி, இந்தப் புல்லுருவி, பெயர் வைக்க ஆளில்லாத இந்த ஆயிரம் பூச்சி, இவை எல்லாம் ஓர் உண்மைக்காக மூழ்க வேண்டுமா. ஒரு பொய்யால் இவ்வளவும் பிழைக்கும் என்றால் அந்தப் பொய்யைச் சொல்லாதவன் அல்லவா அயோக்கியன். மிக நன்றாக இருந்தது வாதம். இவ்வளவு நன்றாக இருக்கிற வாதங்கள்தான் அன்றைக்கு ஸ்பீக்கரையும் போடவைத்தன என்பது நினைவுக்கு வந்தது, அதை ஒதுக்கித் தள்ளினார். சொல்ல மாட்டேன். பத்து நிமிடம் முடிந்ததென்று மணிக்கட்டில் கடிகாரம் அதிர்ந்தது. கரிச்சான் பறந்து, கம்பிகள் பின்னால் இழுபட, மூடுபனிக்குள் போயிற்று.

"சார்!" ஜெசிந்தா திரும்பினாள். அவள் முகம் பள்ளிக்கூடப் பிள்ளையின் முகம் போல இருந்தது. "கேட்டீங்கல்ல? ரெண்டு தடவை! ரெண்டு தடவை சார்!"

"ம்."

"வெறும் 'ம்'மா? காலேஜ் படிக்கிறப்போ உங்க போட்டோவைத்தான் ஹாஸ்டல் சுவர்ல ஒட்டி வச்சிருந்தேன். ராத்திரியெல்லாம் தூக்கமே இல்ல, இல்லைன்னு வந்துடுமோன்னு அவ்வளவு பயம்."

கோமதிநாயகம் அவளைப் பார்த்தார். "இல்லைன்னு வந்தா ஒங்க கம்பெனிக்கு லாபம்தானே மேடம்?"

"அய்யய்ய, அது பழைய கதை சார். உங்களுக்கு இன்னும் லெட்டர் வரலையா? போன வாரமே கமிட்டி அனுமதி குடுத்துடுச்சு. ஒரே ஒரு நிபந்தனை, பறவையைப் பிடிச்சு பக்கத்து மலையில கொண்டுபோய் விடணும். கூண்டு, டாக்டர், பத்து வருஷக் கண்காணிப்பு, எல்லாத்துக்கும் எங்க ஆளுங்க பணம் ஒதுக்கிட்டாங்க. அழியப்போற பறவையைக் காப்பாத்துன மின்திட்டம்! எங்க எம்.டி. இப்ப இதைப் பத்தி மட்டும்தான் பேசுறார். லோகோ பாக்குறீங்களா?"

போனை நீட்டினாள். மின்னல் கோடு ஒன்றின் மேல் ஒரு பறவை உட்கார்ந்திருந்தது. தாடி குங்குமச் சிவப்பில் இருந்தது. செங்கல்தூள் நிறம் என்று சொல்ல நாக்கு ஒரு கணம் எழும்பி, அடங்கியது.

"சரி," என்றார். குரல் எங்கோ இருந்து வந்தது. "பறவை இல்லைன்னு இன்னைக்கு வந்திருந்தா?"

"கதை கந்தல்தான் சார். நிபந்தனையே பறவையை வச்சுத்தானே. இல்லைன்னா அனுமதி செல்லாது, ஏன் இல்லாமப் போச்சுன்னு விசாரணை, மறுபடி முதல்லேருந்து ஆய்வு. அதுக்குள்ள கடன் குடுக்கிற பேங்க் ஓடிப்போயிடும். திட்டமே அம்பேல்."

ஓடை சத்தம் போட்டுக்கொண்டிருந்தது. கோமதிநாயகம் அதை முழுதாகக் கேட்டார்.

"மேடம், அது சிலம்பன் இல்ல."

"என்ன சார்?"

"கரிச்சான். துடுப்புவால். பட்ட கிளையில உக்காந்து கூப்பிட்டதை நான் பாத்தேன். என் ஸ்பீக்கர்லேருந்து கத்துக்கிட்டது. பேட்டரி இறங்கினா அது பீப்ங்கும், இது அந்தப் பீப்பையும் சேத்துச் சொல்லுது. உங்களுக்குக் கேக்கலையா? இங்க சிலம்பன் இல்ல. ரொம்ப நாளா இல்ல. நான்தான் துரத்தினேன்."

தம் வாழ்க்கையில் இவ்வளவு சின்ன வாக்கியங்களை அவர் தொடர்ந்து பேசியதில்லை. ஜெசிந்தா அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். முதலில் குழம்பினாள், பிறகு குழப்பம் மெல்ல விலகி அந்த இடத்தில் வேறொன்று வந்தது. அது மரியாதை என்பதைக் கண்டுகொள்ள அவருக்குச் சற்று நேரம் பிடித்தது.

"பீப்பெல்லாம் எதுவும் கேக்கல சார்" என்றாள் மெதுவாக. "எனக்குப் புரியுது."

"என்ன புரியுது?"

"வலை போட்டுப் பிடிச்சுடுவாங்கன்னு பயப்படுறீங்க. இடம் மாத்தினா பாதி செத்துப்போகும்னு எனக்கும் தெரியும். நீங்க கண்டுபிடிச்ச பறவை. அதைக் காப்பாத்த உங்க பேரையே கெடுத்துக்கிறீங்க, நானே துரத்தினேன்னு பழியைத் தூக்கித் தலையில போட்டுக்கிறீங்க." அவள் கண் கலங்கியிருந்தது. "உங்க இடத்துல இருந்தா நானும் இப்படித்தான் பொய் சொல்லுவேன் சார். ஆனா என்னால பொய் எழுத முடியாதே. கேட்டதைக் கேட்டேன்னுதான் எழுத முடியும். ஒருத்தர் கேட்டாலே போதும்னுதான் விதியும்."

"மேடம், நான் சொல்றது..."

"வேண்டாம் சார். நீங்க சொன்னதா நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன். கீழே போனதும் ஒரு டீ குடிப்போம்."

அவர் அண்ணாந்து பட்ட கிளையைப் பார்த்தார். ஒன்றும் இல்லை. கூப்பிடு என்று மனத்துக்குள் கெஞ்சினார். காடு முழுவதும் குக்குறுவான் மட்டும் குடத்துக்குள் பேசிக்கொண்டிருந்தது. ஜெசிந்தா பையைத் தோளில் மாட்டிக்கொண்டு முன்னால் இறங்கினாள். ஓடைக்கரைப் பாறையில் பாசி வழுக்கியது. அவள் நின்று, திரும்பி, பெரியவர்களுக்கு நீட்டுகிற விதமாக இரண்டு கையையும் நீட்டினாள். கோமதிநாயகம் பிடித்துக்கொண்டார்.